நெல்லுக்குப் பின் நிலக்கடலை: உயிர் உரம் எந்த வயலில் பலிக்கும், எந்த வயலில் பலிக்காது?

மேலூர் கால்வாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேலூருக்குக் கிழக்கே பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் வயல் இருக்கிறது. ஒருபோகப் பகுதி என்பதால் கால்வாய்த் தண்ணீரில் ஒரு நெல் எடுத்துவிட்டு, பிறகு கிணற்றை நம்பி நிலக்கடலை போடுவது வழக்கம். இந்த முறை அறுவடை முடிந்து கடலை விதைக்கும்போது யூரியா, டிஏபி போன்ற ரசாயன உரங்களைக் குறைத்துக்கொண்டு, மண்ணில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அடங்கிய உயிர் உரத்தின் துணையோடு பயிர் வளர்க்க விரும்புகிறேன்.

கடையில் கேட்டபோது ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, பொட்டாஷ் பாக்டீரியா, சூடோமோனாஸ் என ஐந்தையும் எடுத்து வைத்து, ஐந்தும் இல்லாவிட்டால் பலன் கிடைக்காது என்றார்கள். பக்கத்து வயல்காரரோ இவை எல்லாம் கரித்தூள், பணம்தான் வீண் என்கிறார். இவற்றில் நிலக்கடலைக்கு உண்மையிலேயே தேவையானவை எவை, எதை விட்டுவிடலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வேர்மண்டலம் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் ஒத்தக்கடைப் பக்கம் மண் நுண்ணுயிரியல் படித்து, இப்போது அதே துறையில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கடை அலமாரியில் இல்லை. உங்கள் வயலின் பழைய வரலாற்றில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காற்றில் 78 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்தான். ஆனால் அந்த வடிவத்தில் எந்தச் செடியாலும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு போன்ற பயறு வகைச் செடிகளின் வேரில் குடியேறும் ரைசோபியம் இனத்துப் பாக்டீரியாக்கள், வேரில் முடிச்சு உண்டாக்கி, அதற்குள்ளிருந்து காற்றின் தழைச்சத்தை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கின்றன. அதற்கு ஈடாகச் செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரையை வேர் வழியாக அவற்றுக்கு அனுப்புகிறது. இந்த ஏற்பாடு சரியாக நடந்தால், பயறு வகைப் பயிருக்கு மேலுரமாக யூரியா போடும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

நிலக்கடலையில் ஒரு தனித்தன்மை உண்டு. பல பயறுச் செடிகளில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக உள்ளே நுழையும். நிலக்கடலையிலோ பக்கவேர் வெடித்து வெளியே வரும் இடத்தில் உண்டாகும் சிறு பிளவு வழியாகவே நுழைகிறது. அதனால்தான் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சுகள் பக்கவேர் பிரியும் கணுக்களை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். விதையை ஒட்டிய மண்ணில் முளைக்கும் நேரத்திலேயே பாக்டீரியா இருக்க வேண்டும் என்பதற்கும், செடி வளர்ந்தபின் மேலே தெளிப்பதால் பயனில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

இனி உங்கள் வயலுக்கு வருகிறேன். இந்தப் பாக்டீரியாக்களில் பல வகை நம் மண்ணிலேயே இயல்பாக உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரியில் ஆண்டுதோறும் கடலையும் தட்டைப்பயறும் மாறி மாறிப் போடும் நிலங்களில் அவை ஏராளமாக இருக்கும். அங்கே பொட்டலத்தில் வரும் புதிய வகை, ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டத்தோடு போட்டி போட்டு வேரைப் பிடிக்க வேண்டியிருப்பதால், பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏதும் இருக்காது. உங்கள் வயல் அப்படிப்பட்டதன்று. நெல்லுக்காக மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கும் மண்ணில் காற்று குறைந்து ரைசோபியத்தின் எண்ணிக்கை சரிந்துவிடும். நெல்லுக்குப் பின் பயறோ கடலையோ விதைக்கும் வயலில் ரைசோபியத்தை விதையில் பூசி விதைக்கும் விதைநேர்த்தி பலன் தரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கடைக்காரர் சொன்ன ஐந்தில் முதலாவதை நீங்கள் அவசியம் வாங்குங்கள். நிலக்கடலைக்கெனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் வகை டிஎன்ஏயு 14. பொட்டலத்தில் பயிரின் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொண்டைக்கடலைக்கோ சோயாவுக்கோ உரிய ரைசோபியம் உங்கள் கடலை வேரில் பயன்படும்படி முடிச்சுப் போடாது.

அசோஸ்பைரில்லம் நெல், மக்காச்சோளம், கம்பு, கரும்பு போன்ற பயிர்களுக்கு உரியது. முடிச்சுப் போடாமல் வேரை ஒட்டி வாழ்ந்து, வேர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, செடி அதிக இடத்திலிருந்து நீரும் சத்தும் எடுக்க உதவுகிறது. கடலைக்கு இதை விட்டுவிடலாம். அடுத்த நெல்லுக்கு நாற்று வேரை நனைத்து நட வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாஷ் பாக்டீரியா பற்றி, மண் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

திருமங்கலம் கரிசல் எழுதியது:

அம்மா எழுதியது தெளிவாக இருக்கிறது. ஆனால் மானாவாரிக்காரன் பக்கத்து நியாயத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவன். பாஸ்போபாக்டீரியா போட்டால் டிஏபி தேவையே இல்லை என்று ஊருக்கு ஊர் கூட்டம் போட்டுச் சொன்னதைக் கேட்டு, எங்கள் ஊரில் பலர் வாங்கிப் போட்டோம். போட்ட நிலத்துக்கும் போடாத நிலத்துக்கும் எந்த வேறுபாடும் எங்கள் கண்ணில் படவில்லை. நாங்கள் வாங்கிய கடையில் அந்தப் பொட்டலங்கள் வாசல் ஓரத்து அலமாரியில் மதிய வெயில் நேராக விழும் இடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. உயிருள்ள பொருள் என்று விற்கிறவர்கள் அதை அப்படி வைக்கலாமா என்று கேட்டபோது சரியான பதில் வரவில்லை.

எங்கள் கரிசலில் ஆடி உழவுக்கு முன் ஆட்டுக்கிடை போடுவார்கள். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டி வந்து இரவில் மறித்து வைப்பார்கள். கிடை போட்ட நிலம் இரண்டு மூன்று வெள்ளாமைக்குத் தனியாகத் தெரியும். புழுக்கையும் மூத்திரமும் செய்கிற வேலையை ஒரு கரித்தூள் பொட்டலம் செய்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேர்மண்டலம் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதை நான் மறுக்கப்போவதில்லை, ஏனென்றால் உங்கள் அனுபவத்துக்கு அறிவியலில் காரணம் இருக்கிறது.

முதலில் பொட்டலத்தின் உயிர். அந்தக் கருப்புத் தூள் பழுப்பு நிலக்கரி அல்லது கரிமண். பாக்டீரியாவைத் தாங்கி நிற்கும் ஊடகம் மட்டுமே. உயிர் உரங்கள் 2006-இல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. அதன்படி தூள் வடிவில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்களும், திரவ வடிவில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி செல்களும் இருக்க வேண்டும். தூளின் ஆயுள் பொதுவாக ஆறு மாதம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அலமாரியில் கிடந்த பொட்டலத்தில் அந்த எண்ணிக்கையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நீங்கள் கடைக்காரரிடம் கேட்ட கேள்வியை வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

அடுத்து உங்கள் மண். கரிசலில் சுண்ணாம்பு அதிகம். நீங்கள் போடும் டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பேட்) இருந்தாலும், அதில் பெரும்பகுதி அந்தப் பருவத்துப் பயிருக்குக் கிடைக்காமல் சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத பொருளாகப் பூட்டிக்கொள்கிறது. பாஸ்போபாக்டீரியா, அதாவது பேசில்லஸ் மெகாடீரியம் போன்றவை, அங்கக அமிலங்களைச் சுரந்து அந்தப் பூட்டைத் திறக்கின்றன. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண் அந்த அமிலத்தையே சமன்செய்துவிடும். ஆய்வுக்கூடத் தட்டில் பளிச்சென்று தெரியும் கரைப்புத்திறன் கரிசலில் அதே அளவுக்குத் தெரியாததற்கு இது முக்கியக் காரணம். அது மண்ணில் இருக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும், இல்லாததை உண்டாக்காது. ஆகவே டிஏபியே வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னது மிகையான பேச்சு. பொறுப்போடு சொல்லக்கூடியது ஒன்றுதான்: உயிர் உரம் இடும்போது பரிந்துரைத்த தழைச்சத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம் என்பதே பல்கலைக்கழகத்தின் பொதுவான பரிந்துரை.

கிடை பற்றி நீங்கள் எழுதியது இந்த விவாதத்துக்கே மையமானது. பொட்டலத்தில் இருப்பது உரமல்ல, விதை. விதைக்கு நிலம் வேண்டியதைப் போல இந்தப் பாக்டீரியாக்களுக்கு உண்ணக் கரிமப் பொருளும் குடிக்க ஈரமும் வேண்டும். மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அதைக் குறைவு என்றும், 0.75-க்கு மேல் இருந்தால் அதிகம் என்றும் வகைப்படுத்துகிறார்கள். குறைவான மண்ணில் வெறும் பொட்டலத்தைத் தூவுவது பட்டினி கிடக்கும் இடத்தில் குடியேற்றுவதுதான். கிடை போட்ட நிலத்தில் சத்தோடு உணவும் சேர்ந்து கிடைப்பதால், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தாமே பெருகுகின்றன. கிடையும் பொட்டலமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கிடை போட்ட நிலத்தில்தான் பொட்டலமும் பலிக்கும்.

இது நேற்று வந்த வியாபாரச் சரக்கு என்ற எண்ணம் சிலருக்கு இருக்கலாம். வேர்முடிச்சிலிருந்து பாக்டீரியாவை நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் பிரித்தெடுத்தது 1888-இல். அந்தக் கண்டுபிடிப்பு அறிவியல் அங்கீகாரம் பெற்று நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாம் சரிபார்க்க வேண்டியது நம் கைக்கு வரும் பொட்டலத்தையும் நம் மண்ணையும்தான்.

சோழவந்தான் கொடிக்கால் எழுதியது:

வணக்கம். ஐந்தாவதாகச் சொல்லப்பட்ட சூடோமோனாஸ் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் உண்டு. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் சத்துக்காகப் போடுவதில்லை, நோய்க்காகப் போடுவது. வேரைச் சுற்றி முதலில் இடம்பிடித்துக்கொண்டு, மண்ணில் உள்ள இரும்புச்சத்தை நோய்ப் பூஞ்சாணத்துக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துக்கொள்வதும், பூஞ்சாணத்தை அழிக்கும் பொருளைச் சுரப்பதும், செடியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதும் அதன் வேலைகள் என்று விரிவாக்க மையத்தில் விளக்கினார்கள்.

இதில் எங்கள் பகுதியில் கவனிக்க வேண்டிய ஒரு சங்கடம் உண்டு. கொடிக்காலில் வாடல் நோய்க்குப் போர்டோ கலவை என்னும் தாமிர மருந்து ஊற்றுவது நெடுநாள் பழக்கம். தாமிர மருந்து பாக்டீரியாவையும் கொல்லும். ஆகவே அது ஊற்றும் நாள்களில் சூடோமோனாஸ் கலந்த தொழு உரம் வைத்தால் இரண்டும் வீண். நாங்கள் இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி விட்டு, வேப்பம்பிண்ணாக்கோடும் மட்கிய எருவோடும் சேர்த்தே வைக்கிறோம். மல்லிகைத் தோட்டக்காரர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். வாரத்துக்கு வாரம் மருந்தடிக்கும் தோட்டத்தில் உயிர் மருந்தை எந்த நாளில் வைப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கொடி படர நாங்கள் நடும் அகத்தியும் பயறு இனம்தானே? கொடிக்காலைப் பிரித்தபோது அகத்தி வேரில் மணிமணியாக முடிச்சு பார்த்திருக்கிறேன்.

வேர்மண்டலம் எழுதியது:

ஆம் அண்ணன், அகத்தியும் பயறு இனமே. அதன் வேரில் நீங்கள் பார்த்தவை ரைசோபியம் முடிச்சுகள்தான். கொடிக்கு நிழலும் பிடிமானமும் தருவதோடு, உதிரும் இலை வழியாகத் தழைச்சத்தையும் அகத்தி மண்ணில் சேர்க்கிறது. அதன் உறவான மணிலா அகத்தியில் தண்டிலும் முடிச்சு வரும். நெல்லுக்கு முன் பசுந்தாளாக மடக்கி உழும் வயல்களில் அந்தத் தண்டின் மேல் வரிசையாகப் புடைத்திருப்பதைப் பார்க்கலாம்.

மேலூர் ஐயாவுக்கு: கடலையில் கழுத்தழுகல், வேரழுகல் வருகிற வயலானால் சூடோமோனாஸ் விதைநேர்த்தி தகும். அளவு கிலோ விதைப் பருப்புக்கு 10 கிராம்.

மேலூர் கால்வாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கழுத்தழுகல் எங்கள் வயலில் உண்டு, அதனால் சூடோமோனாஸும் சேர்த்துக்கொள்கிறேன். அம்மா சொன்னதைக் கேட்டபின், வரப்பில் நிற்கும் தட்டைப்பயறுச் செடி ஒன்றையும், பக்கத்துக் கிணற்று மேட்டில் நெல்லே போடாத நிலத்தில் நின்ற கடலைச் செடி ஒன்றையும் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிப் பார்த்தேன். மேட்டுக் கடலையில் கணுவுக்குக் கணு முடிச்சு இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே இரத்தச் சிவப்பு. வரப்புத் தட்டைப்பயறில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. அவற்றிலும் சில உள்ளே வெளிறிப் பச்சையாக இருந்தன. இதற்கு என்ன பொருள்? விதைநேர்த்தி செய்யும் முறையையும் எழுத வேண்டுகிறேன். கடலைப் பருப்பின் தோல் உரிந்துவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

வேர்மண்டலம் எழுதியது:

மிகச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் ஐயா. பிடுங்காமல் பெயர்த்துக் கழுவியதால்தான் முடிச்சு வேரிலேயே நின்றது. இழுத்துப் பிடுங்கினால் பாதி மண்ணிலேயே அறுந்து போகும். உள்ளே சிவப்பாக இருப்பது, நம் இரத்தத்தில் உள்ள பொருளுக்கு நெருங்கிய உறவான லெக்ஹீமோகுளோபின். முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளவோடு வைத்திருப்பது அது. சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையோ வெளுப்போ ஆனால் முடிச்சு முதிர்ந்து ஓய்ந்துவிட்டது அல்லது வேலைசெய்யாத வகை. நெல் வயலின் வரப்பிலேயே குறைவு என்றால் வயலுக்குள் அதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேட்டு நிலத்துக்கு மட்டும் கடலை போடுவதானால் பொட்டலம் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், வயலுக்கு வேண்டும்.

இரண்டு ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கிலோ பருப்பு பிடிக்கும். எக்டேருக்கு 600 கிராம் என்ற கணக்கில் 200 கிராம் பொட்டலம் மூன்று ரைசோபியம், மூன்று பாஸ்போபாக்டீரியா தாராளம். சூடோமோனாஸ் ஒரு கிலோ. உங்கள் செம்மண் கரிசல் அளவுக்குச் சுண்ணாம்பு பிடித்ததல்ல என்பதால் பாஸ்போபாக்டீரியாவைச் சேர்த்தேன். ஆறிய அரிசிக் கஞ்சியில் இவற்றைக் குழம்பாகக் கரைத்துக்கொள்ளுங்கள். பருப்பின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும் அளவே கஞ்சி போதும், ஊறும் அளவு கூடாது. உங்கள் கவலை நியாயமானது, கடலைத் தோல் ஈரத்தில் உடனே உரியும். ஆகவே கையால் பிசையாமல், சாக்கின் மேல் பருப்பைப் பரப்பி, கரைசலைத் தெளித்து, சாக்கின் இரு முனையையும் இருவர் பிடித்துப் புரட்டினால் சேதம் குறையும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே மாலையில் ஈர மண்ணில் விதையுங்கள். ஏற்கெனவே பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையானால் 24 மணி நேரம் கழித்தே இதைச் செய்ய வேண்டும்.

பருப்பு மிகவும் மென்மையாக இருந்து புரட்ட மனம் வராவிட்டால், ஏக்கருக்கு நான்கு பொட்டலத்தை 10 கிலோ மட்கிய தொழு உரத்தோடும் 10 கிலோ மண்ணோடும் கலந்து விதைப்புக்கு முன் இடலாம். ரசாயன உரத்தோடு மட்டும் கலக்க வேண்டாம்.

அடியுரத்தில் தழைச்சத்தைப் பரிந்துரைக்கு மேல் கூட்டாதீர்கள். மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடி முடிச்சு வளர்க்கும் வேலையையே குறைத்துக்கொள்ளும்; ரைசோபியம் போட்டுவிட்டுப் பயத்தில் யூரியாவும் தூவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. காய் திரட்சிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை எந்தப் பாக்டீரியாவும் தராது. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது இடுவதை விட்டுவிட வேண்டாம்.

திருமங்கலம் கரிசல் எழுதியது:

சுண்ணாம்பு பற்றிய விளக்கம் எனக்கு ஒப்புதலே. இதுவரை யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஊரே ஏமாற்றம் அடைந்திருக்காது. இந்த ஆண்டு கிடை போட்ட நிலத்தில் மக்காச்சோளத்துக்கு அசோஸ்பைரில்லம் மட்டும் விதைநேர்த்தி செய்து பார்க்கலாமா? பலன் இருந்ததா இல்லையா என்று மனதார நம்பும்படி எப்படித் தெரிந்துகொள்வது?

வேர்மண்டலம் எழுதியது:

செய்யலாம் ஐயா. கிடை போட்ட நிலத்திலேயே ஒரு பக்கம் அசோஸ்பைரில்லம் பூசிய விதையும், அதை ஒட்டி நான்கைந்து சால் பூசாத விதையும் விதையுங்கள். மானாவாரியில் மழை பெய்து நல்ல ஈரம் இருக்கும்போது விதைப்பது முக்கியம்; புழுதி விதைப்பில் பாக்டீரியா மழைக்காகக் காத்திருக்காது, வெப்பத்தில் மடிந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் உரம் ஒரே அளவாக இருக்கட்டும். முப்பது நாளில் இரு பக்கமும் சில செடிகளைப் பெயர்த்து வேரைக் கழுவி அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அசோஸ்பைரில்லம் வேலை செய்திருந்தால் சல்லிவேர் கூடியிருப்பது தெரியும். கதிர் அறுக்கும்போது இரு பக்கத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள். நிலத்தின் ஓரத்துச் சால்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மேலூர் ஐயாவும் அதேபோல இரண்டு பாத்தியை ரைசோபியம் இல்லாமல் விட்டுவைத்தால் நல்லது. அந்தப் பாத்திகளை முதலில் விதைத்துவிட்டு, பிறகு பூசிய விதையைக் கையில் எடுங்கள். கையிலும் சாக்கிலும் ஒட்டிய தூளே ஒப்பீட்டைக் கெடுத்துவிடும்.

மேலூர் கால்வாய்க்கரை எழுதியது:

வாய்மடையை ஒட்டிய இரண்டு பாத்திகளை அப்படியே விட்டுவிடுகிறேன் அம்மா. முப்பதாம் நாள் வேரைக் கழுவி, இரண்டு பக்கத்துப் படத்தையும் இங்கேயே போடுகிறேன்.

சோழவந்தான் கொடிக்கால் எழுதியது:

தம்பி, வாய்மடையை ஒட்டிய பாத்தி வேண்டாம். அங்கே எப்போதும் ஈரம் கூடுதலாக நிற்கும், பாத்தி கட்டிப் பாய்ச்சும்போது மேல்மண்ணும் அடித்துக்கொண்டு போகும். வயலின் நடுவில் விடுங்கள். பூசாத விதை போட்ட பாத்தியிலிருந்து பூசிய விதை போட்ட பாத்திக்குத் தண்ணீர் ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.